சுவருக்கு மேல் வந்த கரண்ட்

என் மாமா மேடையில் பொய் சொல்கிறார். மைக் கிடைக்கும்போதெல்லாம் சொல்கிறார். கடைசியாக கூடுவாஞ்சேரியில் ஒரு கல்யாண மண்டபத்தில் சொன்னார். சிறுதொழில் செய்கிறவர்களும் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளைகளும் மண்டபம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். "யார் தயவும் இல்லாமல் நான் வளர்ந்தேன். இந்தியாவும் அப்படித்தான் வளர்கிறது. நீங்களும் அடுத்தவரை நம்பாதீர்கள்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. பக்கத்தில் இருந்த அத்தை முழங்கையால் இடித்தார். அப்படியும் தட்டவில்லை.

மாமா கெட்டவர் இல்லை. அப்பா இறந்த பிறகு எங்களைத் தாம்பரத்தில் தன் வீட்டு மாடியில் குடிவைத்தவர் அவர்தான். என்னைப் படிக்க வைத்தவரும் அவர்தான். நான் இன்று ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலையில் இருக்கிறேன் என்றால் அதற்கு அவர் காரணம். அந்த நன்றி எனக்கு உண்டு, சாகும்வரை இருக்கும். ஆனால் அவர் வளர்ந்த கதை எனக்குத் தெரியும். அது தொடங்கிய நாளில் நான் அங்கே இருந்தேன். எனக்கு அதில் ஒரு வேலையும் இருந்தது.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. ஊர் முழுக்க தினமும் மின்வெட்டு இருந்த காலம். மாமா பார்த்துக்கொண்டிருந்த நல்ல வேலையை விட்டுவிட்டு, திருமுடிவாக்கம் தொழிற்பேட்டையில் ஒரு ஷெட்டை வாடகைக்கு எடுத்து லேத் போட்டிருந்தார். தண்ணீர் பம்புக்குள் சுழல்கிற இரும்புத் தண்டுகளைக் கடைந்து கொடுப்பது தொழில். லேத் என்றால் இரும்பைச் சுழலவிட்டுச் சீவுகிற மெஷின். அதை ஓட்டுகிறவருக்கு டர்னர் என்று பெயர்.

பக்கத்து ஷெட் ஒரு அக்காவுடையது. தகடுகளை வெட்டி வளைக்கிற பிரஸ் மெஷின்கள் வைத்திருந்தார். அந்த ஊர்க்காரர். தொழிற்பேட்டை வருவதற்கு முன்னால் அந்தப் பக்கம் நெல் போட்ட குடும்பம். நிலம் கைமாறியபோது அண்ணன்கள் ஆளுக்கொரு வீடு கட்டினார்கள், அக்கா மெஷின் வாங்கினார். ஷெட்டுக்குப் பின்னால் பெரிய ஜெனரேட்டர் ஒன்றும் போட்டிருந்தார். அந்த வரிசையில் ஜெனரேட்டர் இருந்தது அவரிடம் மட்டும்தான்.

மாமாவுக்கும் அந்த அக்காவுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. மாமாவிடம் இருந்த டர்னரைக் கூடுதல் சம்பளம் சொல்லி அக்கா இழுத்துக்கொண்டார் என்பது மாமாவின் புகார். சொன்ன சம்பளத்தை மாமா ஒழுங்காகக் கொடுத்திருந்தால் நான் ஏன் இழுக்கப்போகிறேன் என்பது அக்காவின் பதில். இரண்டையும் எங்களுக்குச் சொன்னவர் டீ கொண்டுவருகிறவர். நேருக்கு நேர் அவர்கள் எதையும் பேசிக்கொண்டதில்லை. நடுவில் ஒரு ஆள் உயரச் சுவர் இருந்தது.

அந்த நிலைமையில், ஜெர்மனியிலிருந்து ஒருவர் மாமாவின் ஷெட்டைப் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. அவர் கண் முன்னால் ஒரு தண்டைக் கடைந்து காட்ட வேண்டும். அவர் அளந்து பார்ப்பார். சரியாக இருந்தால் ஆர்டர். கிடைக்காவிட்டால் ஷெட்டை மூடிவிட்டு மறுபடி வேலை தேடுவது என்று மாமா அம்மாவிடம் சொல்லியிருந்தார். அதற்கு வேலை கொடுக்க யாராவது இருக்க வேண்டுமே என்று அத்தை சமையலறையிலிருந்து சொன்னார்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு வருகிறேன் என்று ஜெர்மன்காரர் சொல்லியிருந்தார். பத்தரையிலிருந்து பன்னிரண்டு ராகுகாலம். வீட்டுக்கு வருகிற மகாலட்சுமியை ராகுகாலத்திலா கூப்பிடுவீர்கள் என்று அத்தை ஒரு ஆட்டம் ஆடினார். மாமா என்ன சாக்கு சொன்னாரோ, ஜெர்மன்காரர் பன்னிரண்டுக்கு மேல் வர ஒப்புக்கொண்டார். அந்த மாதத்திலிருந்து எங்கள் பக்கத்து மின்வெட்டு பன்னிரண்டு மணிக்கு மாறியிருந்தது. ராகுகாலம் பார்த்த வீட்டில் மின்வெட்டு நேரம் பார்க்க ஆள் இல்லை.

என் வேலைக்கு வருகிறேன். பள்ளிக்கூடத்தில் பேச்சுப்போட்டி நடந்து எனக்குப் பரிசு கிடைத்திருந்தது. இந்தியா எழுகிறது, உலகத்துக்கே தொழிற்சாலை ஆகப்போகிறது, யாராலும் தடுக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பேச்சு. மிஸ் எழுதிக் கொடுத்தார், நான் மனப்பாடம் செய்தேன். அதை ஜெர்மன்காரர் கட்டாயம் கேட்க வேண்டும் என்று மாமா நினைத்தார். பள்ளிக்கு லீவு போட்டு, பட்டுப்பாவாடை கட்டி, ஸ்கூட்டரில் முன்னால் நிற்கவைத்துக் கூட்டிப்போனார்.

ஜெர்மன்காரர் வந்தார். நல்ல உயரம். ஷெட்டுக்குள் நுழையும்போதே நிலையில் தலையை இடித்துக்கொண்டார். மாமா சந்தனம் வைத்தார், இளநீர் கொடுத்தார், என்னை முன்னால் தள்ளினார். நான் ஆரம்பித்தேன். இந்தியா எழுகிறது என்ற இடம் வந்ததும் மின்விசிறி நின்றது. லேத் நின்றது. விளக்கு போனது. தகரக் கூரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்த வெளிச்சத்தில் ஜெர்மன்காரரின் மூக்கு மட்டும் தெரிந்தது.

மாமா என்னைப் பார்த்துப் பேசு, பேசு என்று கையை ஆட்டினார். மனப்பாடம் செய்தவளுக்கு நடுவிலிருந்து வராது. முதலிலிருந்து ஆரம்பித்தேன். மாமா ஷெட்டின் பின்வாசலுக்கு ஓடினார். நான் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சுவருக்கு மேல் அக்காவின் தலை தெரிந்தது. எதன் மேலோ ஏறி நின்றிருந்தார்.

"இன்னா சார், கரண்ட் பூட்சா?"

மாமா நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"உள்ள அந்த ஆளு வந்துகினு கீறாரா, வந்துட்டாரா?"

"வந்துட்டார். நான் பாத்துக்கறேன் மா."

"இன்னாத்த பாத்துப்ப, இருட்டையா? கேபிள் தூக்கிப் போடறேன், புடி."

மாமா பிடிக்கவில்லை. அப்படியே நின்றார். எனக்கு அங்கிருந்தே அவருடைய முதுகு தெரிந்தது, அதில் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது.

"சார், உனக்காக ஒன்னும் இல்ல," என்றார் அக்கா. "இந்த ஆளு கரண்ட் இல்லனு திரும்பிப் போனா, இனிமே எவனும் இந்த லேன் பக்கம் எட்டிப் பாக்க மாட்டான். எனக்கும் சேத்துதான் பேஜாரு. புடிப்பா."

மாமா பிடித்தார். கறுப்பு கேபிள் சுவருக்கு மேல் மலைப்பாம்பு மாதிரி இறங்கியது. அதன் பின்னாலேயே ஒரு ஆளும் குதித்தார். மாமாவை விட்டுப் போன அதே டர்னர். "அக்கா போகச் சொல்லுச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, மெயின் போர்டைத் திறந்து வயரை மாட்ட ஆரம்பித்தார். மாமாவிடம் அன்று இருந்தது புதுப் பையன், அளவு பிசகாமல் தண்டைக் கடைய அவனுக்கு இன்னும் வரவில்லை. டீ கொண்டுவருகிறவர் வழியாக அதுவும் அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது.

நான் இரண்டாம் முறை முடித்துவிட்டு மூன்றாம் முறை ஆரம்பித்திருந்தேன். ஜெர்மன்காரர் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் தலையை ஆட்டினார். சுவருக்கு அந்தப் பக்கம் ஜெனரேட்டர் உறுமியது. விளக்கு வந்தது. லேத் சுழன்றது. ஆனால் தலைகீழாகச் சுழன்றது. வயரை அவசரத்தில் இடம் மாற்றி மாட்டிவிட்டார்கள், அதனால் மோட்டார் எதிர்ப் பக்கமாக ஓடியது. யாராலும் தடுக்க முடியாது என்ற வரியை நான் அப்போதுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஜெர்மன்காரர் முதல் முறையாகச் சிரித்தார். டர்னரும் சிரித்துக்கொண்டே மெஷினை நிறுத்தி, ஜெனரேட்டரை ஒரு நிமிஷம் அணைக்கச் சொல்லிக் குரல் கொடுத்து, வயரை மாற்றி மாட்டினார். அப்புறம் கடைந்தார். நீல நிறத்தில் சுருள் சுருளாக இரும்பு உரிந்து விழுந்தது. ஜெர்மன்காரர் தன் பையிலிருந்து அளக்கிற கருவியை எடுத்து அளந்தார், திருப்பி அளந்தார், டர்னரிடம் கை கொடுத்தார். பிறகு மாமாவிடம்.

அவரை வழியனுப்பக் காருக்கு மாமா போனபோது என் தொண்டை காய்ந்துபோயிருந்தது. "பாப்பா, இங்க வா" என்று அக்கா சுவருக்கு மேலிருந்து கூப்பிட்டார். சுற்றிக்கொண்டு போனேன். பன்னீர் சோடா உடைத்துக் கொடுத்தார்.

"இன்னா பாப்பா, அதையே திரும்பத் திரும்பச் சொன்ன?"

"மறந்துடுமேன்னு."

"நல்லா கீது. ஒரு தபா சொன்னா எவன் நம்பறான்."

அவருடைய ஆட்கள் சிரித்தார்கள். எல்லோரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். எப்போதும் டம் டம் என்று காதை அடைக்கிற அந்த ஷெட்டில் மெஷின் சத்தமே இல்லை. வாசலில் ஒரு டெம்போ நின்றது, அதன் டிரைவர் இறங்கி வந்து அக்காவின் முகத்தைப் பார்ப்பதும் திரும்பிப் போவதுமாக இருந்தார். இன்றைக்கு உங்களுக்கு லீவா என்று நான் கேட்டேன். "ஆமா, லீவுதான். குடி" என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை லீவு விடுகிற முதலாளி எவ்வளவு நல்லவர் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஸ்கூட்டரில் திரும்பும்போது, உன் பேச்சுதான் ஆர்டரை வாங்கிக் கொடுத்தது என்று மாமா சொன்னார். நான் நம்பினேன். பல வருஷம் நம்பினேன். கல்லூரியில் ஒரு போட்டியில் அதைப் பெருமையாகச் சொல்லவும் செய்தேன்.

வேலைக்கு வந்த பிறகு அந்த டர்னரை ஒரு தொழிற்சாலையில் பார்த்தேன். தலை நரைத்திருந்தது. அவர்தான் சொன்னார். அந்த ஜெனரேட்டர் ஒரு ஷெட்டைத்தான் தாங்கும். மாமாவுக்குக் கொடுத்தால் அக்காவுக்கு இல்லை. அன்று மாலைக்குள் அக்கா அனுப்ப வேண்டிய சரக்கு இருந்தது. டெம்போ பாதி காலியாகப் போனது. அந்தக் கம்பெனி அத்தோடு அக்காவை விட்டுவிட்டு வேறு இடம் பார்த்துக்கொண்டது. மறுபடி நிமிர அக்காவுக்கு நாளானது. ஜெனரேட்டர் விஷயத்தையும் சரக்கு நின்றதையும் மாமாவிடம் அந்த வாரமே சொன்னேன் என்றார் டர்னர். மாமா என்ன சொன்னார் என்று கேட்டேன். "கேட்டுக்கிட்டாரும்மா" என்றார்.

இப்போது மாமாவுக்கு ஒரகடம் பக்கம் பெரிய தொழிற்சாலை. அக்கா அதே ஷெட்டில் இருக்கிறார், எதிர் ஷெட்டையும் சேர்த்து எடுத்திருக்கிறார். நேரில் போய் நன்றி சொன்னேன். "எதுக்கு?" என்றார். நிஜமாகவே அவருக்கு அது நினைவில் இல்லையா, இல்லை என்னைக் கிண்டல் செய்தாரா, தெரியவில்லை. மறுபடியும் பன்னீர் சோடாதான் கொடுத்தார்.

நான் சிறுவயதில் ஒப்பித்த பேச்சு பொய் இல்லை. இந்த நாடு எழுந்திருக்கிறது. என் கண் முன்னால் எழுந்தது, அதன் பலனில்தான் நான் நிற்கிறேன். இன்னும் வளரும் என்றும் நம்புகிறேன். ஆனால் அந்த மண்டபத்தில் கை தட்டிய பிள்ளைகளில் நாலு பேர் நாளைக்கு ஷெட் போடுவார்கள். பக்கத்து ஷெட்டில் ஒருநாள் வேலை நின்றுபோகும். அடுத்தவரை நம்பாதே என்று கேட்டு வளர்ந்தவன் சுவருக்கு மேல் எட்டியாவது பார்ப்பானா? பார்க்க மாட்டான். அப்படிப் பார்க்காத பத்து பேர் சேர்ந்தால் அந்த லேன் அவ்வளவுதான். மாமா, நீங்கள் மேடையில் கெடுப்பது உங்கள் பெயரை இல்லை, அந்தப் பிள்ளைகளை.

தை மாதம் தாம்பரத்தில் அடுத்த கூட்டம். நீங்கள்தான் தலைமை. அக்காவை நான் அழைத்து வருவேன், முதல் வரிசையில் உட்காரவைப்பேன். வீட்டில் என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் சொல்ல வேண்டாம், அத்தையைத் தூது அனுப்பவும் வேண்டாம். மைக்கில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, எனக்கு ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் பக்கத்து ஷெட்டில் ஏன் சத்தமே இல்லை?