வின்காவின் அத்திமரத்தில் இரண்டு சாதி எறும்புகள்

ஷோல்டா தீவில் பள்ளிக்கூடத்தைக் கூட்டிப் பெருக்குகிறவள் வின்கா. கோடை விடுமுறை வந்தால் அவளுக்குக் கொல்லையில் அத்திப்பழ வேலை. பழங்களைக் கம்பித் தட்டில் பரப்பி மேசைமேல் வெயிலில் வைப்பாள்.

அந்த வருஷம் தட்டெல்லாம் எறும்பு. உடம்பு கறுப்பு, தலை மட்டும் சிவப்பு. கல்சுவர் இடுக்கில் புற்றைக் கண்டுபிடித்து வெந்நீரை ஊற்றினாள். பெரிய பெரிய எறும்புகளாகச் செத்து மிதந்தன. மறுநாள் பார்த்தால், தட்டில் அதே சிவப்புத் தலைகள்.

வலையைப் பிரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் ரோக்கோ சொன்னான்: "நேத்து செத்தது பெரியப்பன்மாரு. இன்னைக்குச் சின்னதுங்க துக்கம் கேக்க வந்திருக்கு."

குனிந்து பார்த்தாள். அத்திமரத்தில் ஒரே வரிசைதான். அதில் சின்னதும் போனது, மிச்சமிருந்த பெரியதும் போனது.

"தாயும் புள்ளையுமா இருக்கும்டி" என்றாள் பக்கத்து வீட்டு லூட்சே.

வின்கா குச்சியால் தொட்டாள். சின்னது பின்பக்கத்தைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு நின்றது. பெரியது ஓடிப்போனது. "ஒரு குடும்பத்துக்கு ரெண்டு குணமாக்கா?"

வினிகர் துணியால் அந்தத் தடத்தைத் துடைத்தாள். எல்லாம் திக்குத் தெரியாமல் சுற்றின. சின்னதுகள் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்து மறுபடி வாசனை வழி போட்டன. பெரியதுகள் அந்த இடத்தை மோந்து பார்த்து, பின்னாலேயே ஓடின. ஆனால் பழத்துண்டு ஒன்றைக் கீழே வைத்ததும், வழி போட்டவை பெரியதுகளைக் கிட்டே அண்டவிடவில்லை. கடித்துத் துரத்தின.

"வழியில சும்மா விடுது, பழத்துகிட்ட அடிக்குது. என்னக்கா இது?"

"கப்பல்ல நாம எல்லாரும் ஒண்ணாத்தானே போறோம். மீன் சந்தையில அடிச்சுக்கலையா?"

"நாம டிக்கெட் எடுத்துல்ல போறோம்."



வின்கா மேசைக்கால்களைத் தண்ணீர் டப்பாக்களில் நிறுத்தினாள். பழம் பிழைத்தது. மனசு மட்டும் அடங்கவில்லை. சுவரில் தான் கொன்றது, அடுத்தவர் வழியில் சும்மா பின்னால் வந்தவர்களையா? சின்னதுகளின் கூடு மரத்தின் பட்டுப்போன கிளைக்குள் இருந்தது. ரோக்கோ ரம்பத்தோடு வந்தான்.

"அறுத்துடட்டுமா?"

"இரு."

"எதுக்கு?"

"இந்தச் சின்னதுங்க போயிட்டா அந்தப் பெருசுங்க என்ன பண்ணும்?"

"உனக்கு மரத்துல இருக்கற பழம் வேணுமா, எறும்பு வேணுமா?"

"தெரியலையே ரோக்கோ."

 ரோக்கோ ரம்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தானும் மரத்தடியில் குனிந்தான்.

"இதுல பெருசு எதுடி?" என்று கேட்டான்.