பக்கத்துக் கூண்டுப் பஞ்சு

நான் விரதமிருக்கும் நாட்களில் கூண்டு கழுவும் அறைக்குப் போனால், அழுக்கு மரத்தூளை யாரோ ஏற்கெனவே சுரண்டிக் கொட்டியிருப்பார்கள். குனிந்து பாரம் தூக்கும் வேலை அதுதான். யார் செய்தது என்று கேட்டால் பஞ்சு அண்ணன் வேறு பக்கம் பார்ப்பார். விரதம் என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. சாப்பாட்டு டப்பா இல்லாமல் வருவதைக் கவனித்திருப்பார்.

அது வயிற்றுக் கிருமியைப் பற்றி ஆராயும் இடம். சுண்டெலிகளை அவர் பராமரித்தார், கூண்டுகளை நான் கழுவினேன். எலிகள் கூடு கட்டிக்கொள்ள அவர் பஞ்சு வைப்பதால் அந்தப் பெயர்.

"மாப்பிள்ளைங்களுக்கு மெத்தை போடக் கிளம்பிட்டாரு" என்பார் காவலாளி.

"உனக்கு உன் மாமியார் போட்டாங்களா?" என்று கேட்டபடி அண்ணன் உள்ளே போய்விடுவார்.

டாக்டரம்மா எலிகளைப் பிரித்து வைத்திருந்தார். சிலவற்றுக்குத் தடுப்பூசி போட்டு, அப்புறம் குழாய் வழியாகக் கிருமியை வயிற்றுக்குள் விட்டார்கள். சிலவற்றுக்குக் கிருமி மட்டும். மீதிக்கு இரண்டும் கிடையாது. கிருமியோடு உடம்பு எப்படிச் சண்டை போடுகிறது, அந்தச் சண்டையில் வயிறு எவ்வளவு புண்ணாகிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காம். அத்தனை சின்ன வயிற்றுக்கும் ஆண்டவன் காவல் வைத்திருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒருநாள், கிருமியே கொடுக்காத ஓர் எலியின் வயிற்றில் கிருமி இருந்தது. வயிறு சிவந்து, எதிர்த்து நிற்கும் அணுக்கள் மொய்த்திருந்தனவாம். குழாய் பிடித்த உதவியாளர் ஒரு பெண்; அவள்தான் எலி மாறிக் கிருமியைக் கொடுத்துவிட்டாள் என்று முடிவு கட்டினார்கள். நாளை முதல் வரவேண்டாம் என்றும் பேச்சு. அவள் கழுவும் அறைக்கு வந்து சுவரோரம் நின்று அழுதாள்.

"சத்தியமா நான் மாத்தலக்கா."

எந்தக் கூண்டு என்று அண்ணன் கேட்டார். கதவோர மூலைக் கூண்டு என்றாள். அவர் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு நேரே டாக்டரம்மாவிடம் போனார். கூண்டுத் தட்டுகளை எடுக்கப் போன நான் டாக்டரம்மா அறை வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கூட இருந்தவை கடித்ததால் அந்த எலியைத் தனியாகப் பிரித்து வைத்திருந்தார்களாம். அது சுருண்டு கிடந்தது, தீனி தொடவில்லை. இனத்தின் வாசனை இருந்தால் தேறும் என்று, அண்ணன் பக்கத்துக் கூண்டிலிருந்து கொஞ்சம் பஞ்சை எடுத்து அதற்கு வைத்திருக்கிறார். அன்றே தின்ன ஆரம்பித்ததாம்.

"பக்கத்துல இருந்தது கிருமி கொடுத்த எலிங்க" என்றார் டாக்டரம்மா. "பஞ்சுல எச்சம் ஒட்டியிருக்கும். எலி அதைத் தின்னும்."

"எலியத்தான் மாத்தக்கூடாதுன்னு சொன்னீங்கம்மா. பஞ்சை நான் யோசிக்கல. அந்தப் பொண்ணு மேல தப்பில்ல."

டாக்டரம்மா கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தப் பெண் வேலையில் தொடர்ந்தாள். அண்ணனை எலிகள் பக்கமே விடக்கூடாது என்று, வேறு ஊரில் இருந்த தீவனக் கிடங்குக்கு மாற்றினார்கள். கூண்டு கழுவுவதோடு எலிகளைப் பார்க்கும் வேலையையும் என்னிடமே கொடுத்தார்கள்.

போகிற அன்று காவலாளியிடம் சொல்லிக்கொண்டு, கழுவும் அறை வாசலுக்கு வந்தார். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன். தலையாட்டினார். இரண்டடி போய்த் திரும்பி வந்தார்.

"ஜன்னலோரம் ஒண்ணு தனியாக் கெடக்கு, தங்கச்சி. பஞ்சு கொஞ்சம் கூடவே வை. புதுசா வை."