நரம்பா, விரலா

என் மகளுக்கு ஐந்து வயது. சாப்பாட்டில் உள்ள புரதத்திலிருந்து வரும் ஓர் அமினோ அமிலத்தை அவள் உடம்பால் உடைக்க முடியாது. அது இரத்தத்தில் கூடினால் மூளை கெட்டுவிடும். பருப்பு, முட்டை, கருவாடு, பால் எதுவும் அவளுக்கு ஆகாது. அளவு கூடியிருக்கிறதா என்று அடிக்கடி பார்க்கவும் வேண்டும். அதற்கு நரம்பில் ஊசி ஏற்றிக் குப்பியில் இரத்தம் எடுப்பார்கள்.

குச்சிக் கையில் நரம்பு எங்கே அகப்படும்? முழங்கையில் தேடுவார்கள், புறங்கையில் தேடுவார்கள். பிடித்துக்கொள்வது நான். அவள் கத்தக் கத்த விடாமல் பிடித்திருப்பேன். ஊசியை வெளியே எடுத்ததும் என் மேலேயே சாய்ந்து தூங்கிப்போவாள்.

இரத்தம் கொடுக்கும்வரை சாப்பிடவும் கூடாது. ஒருநாள் இரத்தினபுரி பஸ்ஸில் பசியில் அழுதவளைப் பார்த்து, பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா "அனே பவ்" என்று பரிதாபப்பட்டு ஒரு பனிஸ் ரொட்டியைக் கையில் கொடுத்தார். வாயில் வைப்பதற்குள் பிடுங்கிவிட்டேன். பஸ்ஸே என்னைப் பேயைப் பார்ப்பதுபோல் பார்த்தது. எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். விளக்கம் சொல்லத்தான் மனமில்லை.

பிறகு டாக்டர் இன்னொரு வழி சொன்னார். விரல் நுனியில் குத்தி, ஒரு காகித அட்டையில் இரத்தச் சொட்டு வைத்து, காயவைத்து அனுப்பலாம். ஆனால் அட்டையில் வரும் அளவை நம்பலாமா என்று முதலில் பார்க்க வேண்டுமாம்.

"அதுவரைக்கும் ரெண்டு விதமாவும் எடுக்கணும்மா."

"ஒரே நாள்லயே ரெண்டு தடவ குத்தணுமாங்க?"

"கொஞ்ச காலத்துக்குத்தான்."

கொஞ்ச காலம்! சொல்பவருக்கென்ன. ஆனாலும் சம்மதித்தேன். எப்படியாவது அந்த நரம்பு ஊசி ஒழிந்தால் போதும் என்றிருந்தது. ஒவ்வொரு முறையும் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அட்டையில் எப்போதும் சற்றுக் குறைவாகவே வந்தது. அந்தக் குறைவைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் போதும், இனி நரம்பு வேண்டாம், விரலில் வீட்டிலேயே நீங்கள் குத்தலாம் என்றார் டாக்டர். அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான்.

விரலைப் பிழியக்கூடாது, சொட்டைத் தொடக்கூடாது, அட்டையைச் சூடு படாமல் காயவைக்க வேண்டும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் மிஸ் சொல்லிக் கொடுத்தார்.

வீட்டில் முதல் தடவை ஒழுங்காகத்தான் குத்தினேன். வெளியே விடாத மழை. எங்கள் தோட்டத்து லய வீட்டில் அந்த மழைக்கு ஈரமான எதையும் அடுப்புக்கு மேலேதான் காயப்போடுவோம். நான் தண்ணீருக்குப் போன நேரத்தில் என் வீட்டுக்காரர் அட்டையையும் அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"இது என்ன கருவாடுன்னு நெனச்சீங்களா?"

"மழைல காயாதேன்னுதான் புள்ள வச்சேன்."

அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அதற்கு மேல் என்ன திட்டுவது? சூடு பட்ட அட்டையை அனுப்ப முடியாது. மறுபடியும் குத்தத்தான் வேண்டும்.

மறுநாள் காலையில் நான் கை கழுவுவதைப் பார்த்ததுமே அவள் ஓடிப்போய் அப்பா கட்டியிருந்த சாரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள்.

"அம்மா வேணாம்," என்றாள்.

ஊசி வேண்டாம் என்று சொல்லவில்லை. அம்மா வேண்டாம் என்றாள். அவர் அவளைத் தூக்கி மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் குத்தினேன்.