வில்ஃப் தூக்கிய கை

வில்ஃப் ஆல்டர்சனுக்கு அறுபத்தெட்டு வயது. யார்க்‌ஷயர் மலைமேட்டில் மூன்று தலைமுறையாக ஆடு மேய்க்கும் குடும்பம். பொய் சொல்லத் தெரியாதவன் என்று பெயர். உண்மைதான், வாயை மூடிக்கொள்ள மட்டும் நன்றாகத் தெரிந்திருந்தது.

அப்பன்மார் காலத்தில் வெட்டிய வடிகால்களால் மேட்டின் கரிமண் சதுப்பு காய்ந்து வெடித்து, மழைக்கு மழை ஆற்றோடு போய்க்கொண்டிருந்தது. தபால்காரியாக இருந்து ஓய்வு பெற்ற மேவிஸ் கோட்ஸ், நிலக்காரர் வாசலுக்கு நடையாய் நடந்து அவற்றை அடைக்கச் சம்மதம் வாங்கினாள். மேய்ப்பவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். தண்ணீரைத் தேக்கினால் புல் போகும் என்று காலின் ரா மட்டும் மறுத்தான். பலகை வைத்து வடிகால்களை அடைத்த பிறகு, இலையுதிர் காலம் முழுக்க ஊரே மண்டிபோட்டு, கரிமண்ணைப் பிடித்துவைக்கும் பாசியை நட்டது. வில்ஃபும் நட்டான்.

பிப்ரவரியில் அவனுடைய ஆடு ஒன்று பலகையால் தேங்கிய குட்டையில் விழுந்து செத்தது. வந்த ஆத்திரத்தில் பலகையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, செத்ததைக்கூடத் தூக்காமல் போய்விட்டான். மறுநாள் கொட்டிய மழை, ஊரார் நட்ட பாசியில் பாதியை வாரிக்கொண்டு போனது.

பலகைமேல் குற்றமில்லை. வேலியில்லாத அந்த மேட்டில் எங்கே கால் புதையும் என்று குட்டிக்குத் தாயாடுதான் பழக்கும். செத்ததோ சமவெளிச் சந்தையில் மலிவாகப் பிடித்த ஆடு. மலைக்காரனுக்கு அது கேவலம். காதும் காதும் வைத்தாற்போலக் கொண்டுவந்து, தன் மந்தைக்குரிய சிவப்பு அடையாளத்தைப் பூசிவிட்டிருந்தான்.

செய்தவன் யாரென்று தெரியாவிட்டால் சம்மதம் ரத்து என்று நிலக்காரர் சொல்லியனுப்பினார். ஊர்க்கூடத்தில் எல்லோருக்கும் சந்தேகம் காலின்மேல்தான். அவன் பெயரை எழுதி அனுப்பினால் அவனுடைய மேய்ச்சல் குத்தகை போய்விடும். எழுதலாம் என்பவர்கள் கை தூக்கட்டும் என்றாள் மேவிஸ்.

கைகள் எழுந்தன. வில்ஃபின் கையும் எழுந்தது. அந்தக் கையை வெட்டிப் போட்டுவிடலாமா என்றிருந்தது அவனுக்கு. ஆனாலும் இறக்கவில்லை.

காலின் தொப்பியை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நின்றான்.

"வில்ஃப், உன் ஆட்ட வெளிய இழுத்துப் போட்டது நான்தான். காதுல இருந்த அடையாள வெட்டப் பாத்தேன். நம்ம பக்கத்து வெட்டு இல்ல. அதுக்கு மல தெரியாது, பாவம். உனக்குமா தெரியாது?"

யாருக்கும் விளங்கவில்லை. அவன் இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும், சொல்லவில்லை. அதுதான் வில்ஃபைக் கொன்றது. தூக்கிய கையோடு எழுந்து நின்றான்.

"பலகையப் பிடுங்கினது நான். ஆடு சந்தையில வாங்கினது. அவன் பேர எழுதாதீங்க, என் பேர எழுதுங்க."

 மேவிஸ் வில்ஃபுக்கென்று ஊற்றி வைத்திருந்த தேநீரை எடுத்துக்கொண்டுபோய்க் காலின் கையில் கொடுத்தாள்.