கழுத்தில் இறுகிய கயிறு

மகள் கழுத்தில் கட்டியிருந்த கயிற்றை நான் இரண்டு முறை தளர்த்திக் கட்டினேன். இரண்டு முறையும் எனக்கு எதுவும் உறைக்கவில்லை.

ராமநாதபுரத்தில் கல்லூரி விடுதியில் தங்கி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். போன மிளகாய்ப் பருவத்தில் முதுகுளத்தூர் வீட்டுக்கு வந்தவள் ஓரிடத்தில் உட்காரவில்லை. ஓயாமல் பேசினாள். தூக்கமே கிடையாது. மூன்று பேர் சோற்றைத் தின்றும் மெலிந்துகொண்டே போனாள். ஃபேனுக்கு அடியில் நின்று வேர்க்கிறது என்பாள். எங்கள் ஊர் வெயிலில் அதை யார் பெரிதாக எடுப்பது? ஒருநாள் நான் நீட்டிய தண்ணீர்ச் செம்பைத் தட்டிவிட்டாள்.

"என்னத்தக் கலந்திருக்கீக? எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீகளா?"

பெற்ற மகள் என்னைக் கண்டு பயந்தாள். அதன் பிறகு எனக்கும் தூக்கம் போயிற்று.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப்போனோம். மனம் கலங்கியவர்களை எங்கள் பக்கத்தில் மதம் பார்க்காமல் அங்கேதான் அழைத்துப்போவார்கள். ஓதி வாங்கிய கறுப்புக் கயிற்றை, இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு, என் மனைவி அவள் கழுத்தில் கட்டினாள். சில வாரங்களில் ஒரு விரல்கூட நுழையவில்லை. தளர்த்தினேன். மறுபடியும் இறுகியது.

"கயிறு தானா இறுகுதுடா தம்பி. உள்ள இருக்கறது முறைக்குது" என்றாள் என் அக்கா. "அங்கனயே கொண்டுபோயித் தங்க வையி. கொணமாயிருச்சு, போன்னு கனவுல உத்தரவு வர்ற வரைக்கும் இருக்கட்டும்."

நான் விலங்கியல் படித்தவன். ஆனாலும் தலையாட்டினேன். கல்லூரியிலிருந்து அவளை நிறுத்த மனு எழுதினேன், ஏர்வாடியில் அறை பேசினேன். அதற்குள் மகளுக்கு வயிற்றுப்போக்கு நிற்காமல் போயிற்று. பயணம் தாங்க வேண்டுமே என்றுதான் மருத்துவமனைக்குப் போனோம்.

டாக்டரம்மா நெடுநேரம் நாடி பிடித்தார். பிறகு கயிற்றைத் தொட்டார்.

"ஏன் இவ்வளவு இறுக்கமாக் கட்டியிருக்கீங்க?"

"ரெண்டு தடவ தளத்திட்டேம்மா. தானா இறுகுது."

"புள்ள எலும்பும் தோலுமா இருக்கு. கழுத்து மட்டும் எப்படிப் பெருக்கும்?" ஒரு டம்ளர் தண்ணீரை மகளிடம் நீட்டினார்.

"நீங்க மொதல்ல குடிங்க" என்றாள் மகள்.

டாக்டர் சிரிக்கவில்லை. வேறொரு டம்ளரில் பாதியை ஊற்றிக் குடித்துக் காட்டினார். மகள் விழுங்கியபோது கயிற்றுக்கு அடியில் ஒரு வீக்கம் மேலேறி இறங்கியது. அத்தனை நாளும் அது என் கண்முன்தான் இருந்தது.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டு மிக அதிகம் என்று வந்தது. அது அளவுக்கு மீறிச் சுரந்தால் உடம்போடு மனத்தையும் பிடித்து ஆட்டும் என்றார். மனநல மருத்துவரும் பார்த்தார். "கயிறு இருக்கட்டும், தளர்வா இருக்கட்டும். மாத்திரைய மட்டும் விட்றாதீங்க" என்றார் அவர்.

அவள் தேறி வர மாதங்கள் ஆயின. மனுவைக் கிழித்துவிட்டேன். இப்போது தினமும் பஸ்ஸில் கல்லூரிக்குப் போய் வருகிறாள். போன வாரம், பழையபடி விடுதியில் தங்கப் போவதாகச் சொன்னாள். தண்ணீர்ச் செம்போடு நின்ற நான் வேண்டாம் என்றேன். குரலை உயர்த்தினாள். என் கண் அவள் கழுத்துக்குப் போயிற்று.

"அய்யா, எனக்குக் கோவம் வந்திருக்கு. வெறும் கோவம். மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். "மாத்திரை போட்டியாம்மா?" என்றுதான் வந்தது.

"இந்தா, நல்லாப் பாத்துக்கங்க" என்று என் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி, கழுத்தை நிமிர்த்தி, மடமடவென்று குடித்தாள்.

என் கைத் தண்ணீரை அவள் குடிக்கிறாள் என்று மகிழ்ந்திருக்கலாம். நான் அவள் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.