வெள்ளையடித்த பின்கட்டுச் சுவர்

வல்லத்திராக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருந்த அந்தப் பெரிய வீட்டுக்குப் பங்காளிகள் பத்துப் பன்னிரண்டு பேர். காவலுக்கு நாகராசு ஒருவர்தான். பங்காளிகள் வருஷத்துக்கு ஒரு நாள், ஆடியில் குலதெய்வப் படையலுக்கு வருவார்கள். கூடத்தில் சாப்பிட்டுக் கை கழுவியதும் காரேறிவிடுவார்கள். நாகராசும் மனைவி செவந்தியும் பின்கட்டில் குடியிருந்து வீட்டைப் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளையில்லாத குறையை அந்த ஆள் வீட்டைக் கொண்டு தீர்த்துக்கொள்கிறார் என்று ஊரில் கேலி பேசுவார்கள். கேலிதான், ஆனால் பொய்யில்லை. தேக்குத் தூணில் யாராவது சாய்ந்தால்கூட அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும்.

போன ஆடிக்கு முன்னால் மூத்த பங்காளி குணசேகரன் போன் செய்தார். வீட்டை வைத்துக்கொள்வதா, இடித்து மரத்தை விற்பதா என்று படையலன்று முடிவு செய்யப்போகிறார்களாம். ஓடு ஒழுகி, பின்கட்டுச் சுவர் ஆளுயரத்துக்கு ஓதமேறிக் கிடந்தது. அதைப் பார்த்தால் இடித்தேவிடுவார்கள். நாகராசு கொத்தனார் தங்கமுத்துவைக் கூட்டி வந்து, சிமென்ட் பூசச் சொன்னார்.

"இது சுண்ணாம்புச் சுவருண்ணே. சிமென்ட்டப் பூசுனா ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே அரிச்சிரும்."

"அவுங்க பாத்துட்டுப் போற வரைக்கும் நின்னாப் போதும்ப்பா. பெறகு கொத்தி எடுத்துருவோம்."

பூசி வெள்ளையடித்த சுவரைக் குணசேகரன் தடவிப் பார்த்தார். "இவ்வளவு நல்லா வச்சிருக்கியேய்யா, இத எப்படி இடிக்கிறது" என்றார். வீடு தப்பியது. அன்று நாகராசுக்குக் கால் தரையில் பாவவில்லை. பெரிய மனிதர் மெச்சிய சுவரைக் கொத்த அவருக்கு மனசு வரவில்லை. செவந்தி ஞாபகப்படுத்தியபோதெல்லாம் பார்க்கலாம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். ஐப்பசி வந்துவிட்டது.

அடைமழை பெய்த ஒரு மத்தியானம், செவந்தி அந்தச் சுவரோரம் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுவர் அப்படியே உள்பக்கமாகச் சரிந்தது. நாகராசு வெறுங்கையால் அள்ளிப் போட்டார். சிமென்ட் பாளம் பாளமாக வந்தது. அதன் பின்னால் செங்கல் உதிர்ந்து, சுண்ணாம்பு சேறாகிக் கிடந்தது. வெளியே எடுத்தபோது அவளுக்கு உயிர் இல்லை.

கருமாதிக்கு வந்த குணசேகரன் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதார். "பழைய வீட்ட விட்டுவச்சது எங்க தப்புய்யா. இன்னொரு உசுரு போறதுக்குள்ள இடிச்சிருவோம்."

"வீடு ஒண்ணும் செய்யலங்க. நல்ல வீடு. நாந்தான் சிமென்ட்டப் பூசி அவளக் கொன்னுட்டேன்."

குணசேகரன் பக்கத்தில் நின்றவர்களிடம் திரும்பினார். "பாவம், துக்கத்துல என்னென்னமோ பேசுறாரு. ஒரு வாய் காப்பி குடுங்க" என்றார். பிறகு செல்போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், பொக்லைன்காரரிடம் எப்போது வர முடியும் என்று கேட்டார்.