கெஸ்ட் அறையில் அம்மாவின் அடுப்பு

பதுளை பஜாரில் நான் வேலை பார்க்கும் துணிக்கடை முதலாளியை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். போன வாரம் தன் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "தம்பி, இது ஒங்கட தோட்டம்தானே? என்ன அழகா செஞ்சி வச்சிரிக்காங்க, பாருங்க!" படத்தில் ஒரு வெள்ளைக்காரப் பெண் வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். வாசல் எங்களுடையது. நான் பிறந்த லயத்து வீடு, தோட்டத் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய அறைகளில் ஒன்று. "ஆமா நானா, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாரங்களை மடிக்கப் போய்விட்டேன்.

மடுல்சீமைப் பக்கம் அந்தத் தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம், சொன்னால் நீங்களும் போய்த் தங்கிப் படம் எடுத்துப் போடுவீர்கள். வெள்ளைக்காரத் துரை காலத்துப் பங்களா ஒன்று கூரை சரிந்து, வௌவால் நாற்றத்தோடு கிடந்தது. கொழும்பிலிருந்து ஒரு முதலாளி அதைத் திருத்தி விடுதியாக்க வந்தார். மனுசன் பழசு என்றால் உயிரை விடுவார். உடைந்த கதவுக் கொண்டி ஒன்றுக்கு அதே மாதிரி இன்னொன்று தேடி ஊர் ஊராக ஆள் அனுப்பினார். எங்கள் கக்கூஸ் கதவுக்குக் கொண்டியே கிடையாது, அது வேறு கதை.

பங்களாவுக்குக் கீழே எங்கள் லயம். அதையும் திருத்தப் போவதாக முதலாளியின் மனேஜர் வந்து சொன்னார். அவரும் நம்ம ஆள்தான். "பழைய மாதிரியே அழகாத் திருத்தப் போறோம். வேல முடியுற வரைக்கும் மேல் லயத்துல இருந்துக்குங்க." குடியிருக்கிறவர்களுக்காகத்தான் திருத்துகிறார்கள் என்று நம்பினோம். லயத்து வீட்டுக்கு யாரிடம் உறுதிப் பத்திரம் இருந்தது? அதையெல்லாம் யார் யோசித்தோம்! கோயில் வேலைக்கு இறங்குவதுபோல் மொத்த லயமும் ஞாயிற்றுக்கிழமைகளில் சம்பளம் கேட்காமல் சிரமதானத்துக்கு இறங்கியது. ஆண்கள் கல் சுமந்தார்கள். நான் மண் குழைத்தேன். எங்கள் வீட்டு அடுப்பை அம்மாவே போட்டாள். மழையில் கொழுந்தெடுத்து நனைந்து வருகிறவர்கள் கை காயவைக்க ஒரு பக்கம் சின்னத் திண்டும் வைத்தாள்.

கூரை மாற்றிய வீட்டுக்குப் பால் பொங்க வைக்காமல் குடிபோக மாட்டோம். நல்ல நாள் பார்த்து, புதுச் சட்டியில் பாலோடு, அக்கம்பக்கத்துப் பெண்களையும் கூட்டிக்கொண்டு அம்மா போனாள். நானும் விறகைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். கதவில் புதுப் பூட்டு. மனேஜர் ஓடி வந்தார்.

"அக்கா, இது கெஸ்டுக்குங்க. ஒங்களுக்குத்தான் மேல் லயத்துல குடுத்திருக்கே."

"அடுப்பு நான் போட்டதுங்க" என்றாள் அம்மா.

"ஆமாங்க, ரொம்ப நல்லா வந்திருக்கு. மொதலாளியே பாராட்டினாரு."

பாராட்டினாராம்! நாசமாய்ப் போக. அம்மா மேல் லயத்துக்குத் திரும்பி, சட்டியை அப்பாவிடம் கொடுத்து, "தேத்தண்ணியில ஊத்திக் குடிங்க" என்றாள்.

எனக்கு அந்த விடுதியிலேயே வேலை கொடுத்தார்கள். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும். பிறந்த வீட்டுக் கதவைத் தட்டி, உள்ளே வரலாமா என்று இங்கிலீஷில் கேட்டுவிட்டுத் தட்டோடு நிற்பேன். வேலை முடிந்து போனால் அம்மா கேட்பாள்: "அடுப்ப யாராச்சும் பத்த வச்சாங்களா?" அதில் பூச்சாடி வைத்திருந்தார்கள். "இல்லம்மா" என்பேன். எரிச்சலாக வரும். அவள் மேல் எனக்கென்ன எரிச்சல்? ஆனாலும் வந்தது. மேல் லயத்தின் ஒழுகும் கூரைக்குக் கீழே இருமி இருமியே அவள் போய்ச் சேர்ந்தாள். மறுமாதம் வேலையை விட்டுவிட்டேன்.

இப்போது மேல் லயமும் இல்லை. பங்களா ஜன்னலிலிருந்து பார்த்தால் மலையை மறைக்கிறது என்று இடித்துவிட்டார்கள். அங்கே இருந்த சனம் பதுளை, பண்டாரவளை, கொழும்பு என்று போன இடம் தெரியாமல் போனது. அம்மா செத்த இடத்தில் புல் வளர்த்திருக்கிறார்கள்.

நானா காட்டிய படம் மனசை விட்டுப் போகவில்லை. நேற்று மகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கேட்டில் ஒரு காவல்கார இளைஞன், முகம் தெரியாதவன், மரியாதையாகத்தான் கேட்டான்: "யாரைங்க பாக்கணும்?"

யோசித்துப் பார்த்தேன். அந்தத் தோட்டத்தில் எனக்குச் சொல்ல ஒரு பெயர் இல்லை.